காப்பு மூடியைக் கழற்றியது யார்?

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பொழுது புலர்ந்தது முதல் சாயும் வரை ஓயாது ஒலிக்கும் ஓசை ஒன்றுண்டு. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை வீதியோரத்து இரும்புப் பட்டறைகளிலும், ஹந்தானைச் சரிவிலும் அஸ்கிரியவிலும் எழுகின்ற மாடி வீடுகளிலும், குண்டசாலை, திகன பக்கத்துக் கல்லறுக்கும் கூடங்களிலும் அவ்வோசை கேட்கும். இரும்பையும் கருங்கல்லையும் ஓட்டையும் ஒருங்கே அறுக்கும் கிறைண்டர் என்னும் கைக் கருவியின் ஓசை அது. வீட்டுக்குக் கதவும், யன்னலுக்குக் கம்பியும், சமையலறைக்குக் கல்மேடையும் அக்கருவியின்றி இன்று அமைவதில்லை. ஆனால் அதனைக் கையிற் பிடித்து நிற்பவனின் கண்ணும் விரலும் நுரையீரலும் என்னாகின்றன என்று கேட்பார் மிகச் சிலரே.

இஃது அரசியல் ஏட்டில் எழுதத்தக்க பொருளா என்று சிலர் வினவக்கூடும். தொழிலாளியின் கண் அரசியலன்றெனின், வேறெது அரசியல்? தேர்தற் காலத்தில் அவனுடைய கையைத் தேடி வருவோர், அக்கையில் எத்தனை விரல் எஞ்சியுள்ளன என்பதையும் சற்று எண்ணிப் பார்த்தல் முறையன்றோ?

பட்டறைக்கு இறங்கி வந்தவர்கள்

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட நாள் தொட்டு, கண்டிச் சீமையின் மலைகளைச் செல்வமாக்கியவர்கள் நம் மக்கள். அவர்தம் பிள்ளைகள் இன்று தெல்தோட்டையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் ஹந்தானையிலிருந்தும் நகரத்துக்கு இறங்கி வருகின்றனர். கொழுந்துக் கூலியிலே குடும்பம் நடவாது என்பதைப் பெற்றோரின் வாழ்விலேயே கண்டவர்கள் அவர்கள். மேசன் பாஸிடமும் வெல்டிங் பாஸிடமும் கையாளாகச் சேர்கின்றனர். நியமனக் கடிதம் கிடையாது, பயிற்சி கிடையாது. முதல் நாள் சுமக்கிறான்; மறுவாரம் பிடிக்கிறான்; மூன்றாம் வாரம் கிறைண்டர் அவன் கைக்கு வந்துவிடுகிறது. "பார்த்துப் பிடி" என்ற இரு சொற்களே அவன் பெற்ற தொழிற்கல்வி.

தோட்டத்தில் அவனுடைய தந்தைக்கு ஒரு சங்கம் இருந்தது. குறைகளோடேனும் அது இருந்தது. பட்டறையில் அவனுக்கு யாருமில்லை. தொழிற்சங்கங்கள் தோட்டத்து எல்லையோடு நின்றுவிட்டன. தொழிலாளியோ எல்லையைத் தாண்டி நெடுநாளாயிற்று. அவனோடு தோளுரசி நிற்கும் சிங்களத் தொழிலாளியின் நிலையும் முஸ்லிம் தொழிலாளியின் நிலையும் இதுவே. தகட்டிலிருந்து தெறிக்கும் துண்டு இனம் பார்த்துத் தெறிப்பதில்லை.

கருவியின் இயல்பு

ஜெர்மனியின் ஸ்டைன்ஹைம் நகரிலிருந்த ஆக்கர்மன்–ஷ்மிட் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் இக்கருவியின் அதிவேக வடிவத்தை ஆக்கியது. அதன் வணிகப் பெயராகிய பிளெக்ஸ் என்பதே ஜெர்மானியர் நாவில் அக்கருவிக்குப் பெயராகிவிட்டது. அன்று பெரிய ஆலைகளுக்குள் இருந்த கருவி இன்று நான்கு அங்குலத் தகட்டோடு கடைத்தெருவில் எவரும் வாங்கத்தக்க பொருளாகிவிட்டது. விலை குறைந்தது, வேகம் குறையவில்லை.

அவ்வேகத்தை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். நான்கு அங்குலத் தகட்டின் மீது நிமிடத்துக்கு 15,300 சுற்று என்று பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டின் விளிம்பு நொடிக்கு 80 மீற்றர் செல்வதற்கு அதுவே எல்லை. மணிக்கு 288 கிலோமீற்றர் என்று கணக்கிட்டால் அதன் கடுமை புலனாகும். ஏழு அங்குலத் தகட்டுக்கோ எல்லை ஏறக்குறைய 8,500 சுற்று மட்டுமே. தகடு பெரிதாகப் பெரிதாக அது தாங்கும் சுற்று குறையும்.

நம் பட்டறைகளில் நடப்பது யாது? பெரிய கருவியில் தேய்ந்த தகட்டை வீசியெறிய மனமின்றியோ, ஆழமாக அறுக்க வேண்டியோ, சிறிய கருவியிலே பெரிய தகட்டைப் பூட்டுகின்றனர். பெரிய தகட்டுக்குக் காப்பு மூடி இடங்கொடாது. ஆகவே மூடி கழற்றப்படுகிறது. சிறிய கருவி நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுழல்வதாயின், ஏழு அங்குலத் தகட்டின் விளிம்பு நொடிக்கு 104 மீற்றர் வரை பாயும். தகட்டைப் பிளக்கும் விசை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால், அத்தகடு தாங்கவேண்டியதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட விசையை அது தாங்கவேண்டியதாகிறது. எந்தத் தகட்டுக்கு மூடி மிக மிக இன்றியமையாததோ, அந்தத் தகட்டைப் பூட்டுவதற்காகவே மூடி கழற்றப்படுகிறது. இதனினும் பெரிய முரண்பாடு வேறுண்டோ?

செய்யத்தக்கவும் தகாதனவும்

ஆதலின் இக்கருவியைப் பிடிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டியவற்றை இங்கு வரைகின்றோம். வாசகர்கள் இதனைத் தம் அயலிலுள்ள பட்டறைகளில் வாசித்துக் காட்டுவார்களாக.

கருவியின் உடலிலே ஓர் எண் உண்டு; தகட்டின் முகத்திலே ஓர் எண் உண்டு. கருவியின் எண் தகட்டின் எண்ணை மிஞ்சலாகாது. ஆங்கிலம் அறியாதவனும் இதனைப் படிக்கலாம். எண்ணுக்கு மொழி வேண்டா. தகட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருப்பதையும் பார்த்தல் வேண்டும். பிசினாற் பிணைத்த தகடு செய்யப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டுக்குமேல் நம்பத்தக்கதன்று. கண்டியின் ஈரக் காற்றில் பட்டறை மூலையில் கிடந்து நனைந்த தகடு, திகதிக்கு முன்பே வலுவிழக்கும். கீழே விழுந்த தகட்டையும், விளிம்பு சிதைந்த தகட்டையும் எறிந்துவிடுக.

தகடு மாற்றுமுன் மின்செருகியைப் பிடுங்குக; சுவிட்சை நிறுத்தினாற் போதாது. புதிய தகட்டைப் பூட்டியபின், எவரும் எதிரில் நில்லாதபடி திருப்பிப் பிடித்து, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுக. குறையுள்ள தகடு பெரும்பாலும் அந்த நிமிடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

காப்பு மூடி தகட்டுக்கும் பிடிப்பவன் உடலுக்கும் இடையில் நிற்குமாறு திருப்பி இறுக்கப்படல் வேண்டும். பக்கக் கைப்பிடியைக் கழற்றலாகாது; இரு கைகளாலும் பிடித்தல் வேண்டும். அறுக்கப்படும் இரும்பின் இரு பகுதிகளும் உள்நோக்கிச் சாய்ந்து தகட்டை நெருக்குமாயின், கருவி கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கித் துள்ளும். முகத்தையும் கழுத்தையும் கிழிக்கும் காயங்கள் இத்துள்ளலால் வருபவை. ஆகவே வெட்டு விரிந்து விலகும்படி பொருளைத் தாங்கி நிறுத்துக. தகட்டின் நேர்கோட்டில் நில்லாது சற்று ஒதுங்கி நிற்க.

அறுக்கும் மெல்லிய தகட்டின் பக்கத்தாலே தேய்க்கலாகாது. மரம் அறுக்கும் பல்லுள்ள வாளை இக்கருவியிற் பூட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். சாரமும் செருப்பும் அணிந்து இவ்வேலை செய்வதைக் கண்டியெங்கும் காண்கிறோம். சுழலும் தகடு துணியைப் பற்றினால் உடலையும் இழுக்கும். தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் நூல் பிரிந்த கையுறையும் அவ்வாறே ஆபத்தானவை. பெற்றோல் தாங்கியின் அருகிலும், எண்ணெய் இருந்த வெற்றுப் பீப்பாயின் மீதும் இக்கருவி செல்லலாகாது. வெற்றுப் பீப்பாயில் எண்ணெய் இராது, ஆவி இருக்கும், ஒரு பொறி பட்டால் அது வெடிக்கும்.

படிக்கும் கண்ணாடி காப்புக் கண்ணாடியாகாது. பக்கங்களும் மூடிய காப்புக் கண்ணாடியும், அதன்மேல் முகத்திரையும் வேண்டும். செவிக்கு அடைப்பு வேண்டும். இக்கருவியின் ஓசை செவி தாங்கும் அளவை எளிதிற் கடப்பது. மழை பெய்யும் மலைநாட்டில், நனைந்த தரையில், ஒட்டுப்போட்ட வயரோடு வேலை செய்வோர்க்கு, மின் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் உயிர்காப்பாகும். அதனைக் கம்பியாற் கட்டி முடக்கி வைப்பவன் கொலைக்கு வழிகோலுகிறான்.

கண்ணுக்குத் தெரியாத காயம்

விரல் போனால் ஊர் அறியும். தூசியால் வரும் கேடு பத்தாண்டு கழித்தே தெரியும். கருங்கல்லையும் கொங்கிறீற்றையும் ஓட்டையும் உலர்வாக அறுக்கும்போது எழும் மென்தூளிலே சிலிக்கா உண்டு. அது நுரையீரலின் அடியிற் படிந்து தழும்பாகி மூச்சை இறுக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு மீட்சி தரும் மருந்து இல்லை. சயரோகம் பற்றுவதற்கும் அது வழி திறந்துவிடும். முகத்திற் கட்டும் கைக்குட்டை இதனைத் தடாது. நீர் சொரிந்து அறுப்பதற்கென்றே அமைந்த கருவியோ, தூளை உறிஞ்சும் அமைப்போ வேண்டும். அவற்றோடு தகுந்த வடிகட்டி முகமூடியும் வேண்டும். சாதாரண மின்கருவியின்மேல் நீரை ஊற்றுவது வேறோர் ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். மேடைகளுக்குப் பயன்படும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிகுதி என்று கண்ட அவுஸ்திரேலியா, 2024 யூலை 1 முதல் அக்கல்லையே தடைசெய்துவிட்டது.

இக்கதை புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் கத்தியும் முட்கரண்டியும் உலர்கல்லிலே தேய்த்தோர் மிக இளவயதிலேயே நெஞ்சு அடைத்து மடிந்தனர். தூளை வெளியேற்றும் விசிறியைத் தொழிலாளர் சிலரே எதிர்த்தனர் என்று அக்காலத்தார் எழுதிவைத்துள்ளனர். ஆயுள் நீண்டால் ஆட்கள் மிகுவர். ஆட்கள் மிகுந்தால் கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சினர். தன் ஆயுளைக் குறைத்தேனும் கூலியைக் காக்க வேண்டிய நிலைக்கு ஒருவன் தள்ளப்பட்டால், குற்றம் அவனுடையதா, தள்ளிய முறையினுடையதா?

சட்டம் என்ன சொல்கிறது?

"மூடியைத் தொழிலாளிதான் கழற்றுகிறான், கண்ணாடியைக் கொடுத்தாலும் அணிவதில்லை, நாம் என்ன செய்வது?" என்று பட்டறை முதலாளிமார் கூறுவர். இவ்விடையிலே ஓரளவு உண்மையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சட்டத்தின் முன் அது முழு விடையாகாது.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். பொருளைச் செய்தல், மாற்றுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றை வருவாய்க்காக நடத்தி, அதற்கு ஆட்களை உடலுழைப்பில் அமர்த்தும் சிறு பட்டறையும் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலையே. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிக்குக் காப்பிடுதல் அங்கே முதலாளியின் கடமை.

காயம் நேர்ந்தபின் துணையாவது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்தென்று காட்டினாற் போதும். முதலாளியின் கவனக்குறைவை நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அச்சட்டத்திலே ஒரு விலக்கு உண்டு. அதனைத் தொழிலாளர் அனைவரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பாதுகாப்புக்கென்று தரப்பட்டதெனத் தெரிந்தும் காப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினாலோ புறக்கணித்தாலோ, அதனால் நேர்ந்த காயம் மரணத்தில் முடியாதவிடத்து, முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். மதுவின் மயக்கத்தால் நேர்ந்த காயத்துக்கும் இவ்விலக்கே பொருந்தும்.

இதன் பொருள் யாது? காப்பு மூடி கண்ணை மட்டும் காப்பதன்று; உரிமையையும் காப்பது. மூடி கழன்ற கருவியால் விரலை இழந்தவன், விசாரணை நாளிலே "மூடியைக் கழற்றியது யார்?" என்ற கேள்வியை எதிர்நோக்குவான். மூடியில்லாமலே கருவி தரப்பட்டதாயின், "தரப்பட்டது" என்ற சொல்லே அங்குப் பொருந்தாது, விலக்கும் பொருந்தாது. அதனை நிறுவச் சாட்சி வேண்டும். உடன் வேலை செய்தவன் நாளைய கூலிக்கு அஞ்சி வாய்மூடினால், இன்றைய நண்பனின் உரிமை போய்விடும். ஆகவே மூடியில்லாக் கருவி கைக்கு வரும்போதே, நால்வர் அறிய "மூடி எங்கே?" என்று கேட்டு வைத்தல் அறிவுடைமை.

இன்னொரு வழக்கையும் இங்குக் குறிப்பிடல் தகும். இலண்டனில் ஸ்டெப்னி நகரசபையின் வாகனத் திருத்தகத்தில் வேலை செய்த பாரிஸ் என்னும் தொழிலாளிக்கு ஒரு கண்ணில் முன்னரே பார்வையில்லை. துருப்பிடித்த ஆணியைச் சுத்தியலால் அடிக்கையில் தெறித்த இரும்புத் துணுக்கு மற்றக் கண்ணையும் பறித்தது. அவனுக்குக் காப்புக் கண்ணாடி வழங்கப்படவில்லை. அத்தகைய வேலையில் கண்ணாடி வழங்குவது வழக்கமில்லை என்று நகரசபை வாதித்தது. இரு கண்ணும் உள்ளவனுக்கு நேரும் இழப்பினும் இவனுக்கு நேரும் இழப்பு பெரிதாதலின், இவன்பால் மேலும் அக்கறை காட்டியிருத்தல் வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1951ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அத்தீர்ப்பின் உட்கருத்து இது: "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பது எப்போதும் விடையாகாது, முதலாளி ஒவ்வொரு தொழிலாளியையும் மனிதனாக எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர். கண்டிப் பட்டறைகளிலும் "எங்கும் வழக்கம் இதுவே" என்பதன்றோ முதலாளிமாரின் வாதம்?

நமது கோரிக்கைகள்

சட்டம் ஏட்டில் உண்டு, பட்டறையில் இல்லை. அதனைப் பட்டறைக்குக் கொண்டு வருதற்கு நாம் வேண்டுவன சிலவே.

முதலாவது, தமிழ். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. ஆயினும் உயிருக்கு ஆபத்தான கருவியின் பெட்டியில் தமிழில் எச்சரிக்கை காண்பது அரிது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ், விற்பனைப் பொருள்களில் இடவேண்டிய குறிப்புகள் பற்றிப் பணிப்புரை விடுக்க அதிகாரசபைக்கு வலுவுண்டு. கிறைண்டரும் தகடும் விற்கப்படுமிடத்தே எச்சரிக்கை சிங்களத்திலும் தமிழிலும் இருக்கவேண்டுமென்று அது பணித்தல் வேண்டும். மொழியுரிமை என்பது பெயர்ப்பலகையோடு முடிவதன்று.

இரண்டாவது, பயிற்சி. பிரித்தானியாவில் 1970ஆம் ஆண்டு விதிகள், பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவரே தகட்டைப் பூட்டலாம் என்று வகுத்தன. இங்கே 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தாலே தொழிற்பாதுகாப்புக்கென ஒரு தேசிய நிறுவகம் அமைந்துள்ளது. பயிலுனர்க்கென ஓர் அதிகாரசபையும் உண்டு. இவை கண்டியிலும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் ஒருநாட் பயிற்சியைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துவதற்கு என்ன தடை? ஒருநாட் கூலியை இழந்து வருவோனுக்கு அக்கூலியை ஈடுசெய்தாலன்றி எவனும் வரான் என்பதையும் சேர்த்தே சொல்கின்றோம்.

மூன்றாவது, பரிசோதனை. தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் பல்லேகலையின் பெரிய ஆலைகளைப் பார்ப்பதோடு அமையாது, வீதியோரப் பட்டறைகளையும் பார்த்தல் வேண்டும். தண்டிக்க வருமுன் கற்பிக்க வருக. கற்பித்த பின்னும் மூடியைக் கழற்றுவோரைத் தண்டிக்க.

நான்காவது, வீடு கட்டுவோரின் கடமை. ஒருநாள் வேலைக்கு அழைக்கப்படும் தொழிலாளியைச் சட்டத்தின் கை எட்டுவது எளிதன்று. அங்கே சட்டத்தின் இடத்தை மனச்சாட்சி நிரப்புதல் வேண்டும். இலட்சக்கணக்கில் செலவிட்டு வீடெழுப்புவோர், வேலையாளுக்கு ஒரு காப்புக் கண்ணாடியும் ஒரு முகமூடியும் வாங்கி வைப்பதால் வறியவராகிவிடார். அவற்றின் விலை ஒருநாட் கூலியினுஞ் சிறிது.

இறுதியாக, 2022 யூனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. சங்கம் அமைக்கும் உரிமைக்கும் கட்டாய உழைப்பினின்றும் விடுபடும் உரிமைக்கும் நிகரான இடத்தை அது பெற்றுவிட்டது. இலங்கையும் அவ்வமைப்பின் உறுப்பு நாடே. ஜெனீவாவில் உயர்த்திய கைகளின் பொருள் கட்டுகஸ்தோட்டைப் பட்டறையில் விளங்கவேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல்: தோட்டத்து வாயிலில் நில்லாது வீதிக்கு வருக. பட்டறைக்குப் பட்டறை சென்று, ஒவ்வொரு கருவியிலும் மூடி உண்டா என்று பாருங்கள். இல்லாவிடத்து முதலாளியிடம் கேளுங்கள். கேட்டும் பயனில்லையேல் தொழில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு சொல்: மூடியில்லாக் கருவியை மறுப்பது கோழைத்தனமன்று. வேலை இன்று போனால் நாளை வரும். கண் போனால் வாராது.